திருத்தம்: பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

ஹட்டனில் ஆடி மழை.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோகொப்பிக் கடையில்
ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.
குடையை உதறிச் சுவரில் சாத்திவிட்டு
உள்ளே வந்தார் பூரணவள்ளி.
பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை,
அதற்குள் கடிதம்.

“மிஸ், இதுல என்னதான் எழுதியிருக்கு?
ஒம்பது மாசமா அலையுறேன்.
அவர நேர்ல கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க.”

அவர் என்பது சன்னாசி.
பதினோராம் நம்பர் மலையில் மருந்தடிக்கும்போது
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்
எழும்பவில்லை.

தோட்டத்து ஒப்பீஸ் கடிதம்.
துரையின் கையெழுத்து, வட்டச் சீல், எல்லாம் சரி.
மூன்றாம் வரியில் மட்டும்
‘காலமான’ என்று இருக்கவேண்டிய இடத்தில்
‘நோயுற்ற’ என்று இருந்தது.

இங்கிலீஷில் அது பெரிய தூரமில்லை.
ஈ உட்காரவேண்டிய இடத்தில் ஐ.
சீ வரவேண்டிய இடத்தில் எஸ்.
மற்ற ஆறு எழுத்தும் அச்சு அசல்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்:
டிசீஸ்ட்.
டிசீஸ்ட்.
எது செத்தது, எது படுத்திருப்பது
எனக்கே பிடிபடவில்லை.
இங்கிலீஷை மட்டும் குறை சொல்வானேன்,
பிணிக்கும் பிணத்துக்கும் நடுவே
நாமும் வேலி ஒன்றும் போடவில்லையே.

எப்படிச் சொல்வது?
“அம்மா, கடிதத்தில் உங்க வீட்டுக்காரர் சாகவில்லை.
சுகமில்லாமல் இருக்கிறார்.”

அழுவார் என்று நினைத்தேன்.
ஸ்டூலை இழுத்து வைத்தேன்.
அவரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது மாசமா சுகமில்லாமத்தான் இருக்காரு?”
“கடுதாசிப்படி, ஆமாம்.”
“அப்ப அந்த ஒம்பது மாசத்துக்கு
லீவுச் சம்பளம் எங்க?
அரைப்பேராவது போட்டிருக்கணுமே?”

லீஃப் ஒன்று, லீவ்ஸ் பல என்று
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான்.
அதே எழுத்துகள்தான் விடுமுறைகளுக்கும்.
இந்த மலைகளில் எத்தனை கோடி லீவ்ஸ்!
லீவு மட்டும் யாருக்கும் விளைவதில்லை.

இரண்டு கடிதம் அடித்தோம்.
ஒன்று: சன்னாசி இறந்துவிட்டார்,
தயவுசெய்து திருத்தவும்.
மற்றது: இறக்கவில்லை என்பதே தங்கள் முடிவானால்
நிலுவையைத் தரவும்.
“ஏதாவது ஒண்ண ஒத்துக்கட்டும்” என்றார்.

விலாசம் அடிக்கும்போது
ஈரத்தில் இறுகிப்போன கட்டை சண்டித்தனம் செய்தது.
எஸ்டேட் என்று அடித்தேன்,
முதல் ஈ விழாமல்
ஸ்டேட் என்று நின்றது திரையில்.
நாடு. அரசு.
அந்த ஓர் ஈயைத் தாண்டி வர
எங்கள் ஆட்களுக்கு நாற்பது வருசம்,
சிலருக்கு ஐம்பதுக்கும் மேல்.
பின்னுக்குப் போய், கட்டையை அழுத்திக் குத்தி
ஈயைப் போட்டேன்.
திரும்பவும் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தோம்.

“எவ்வளவு மிஸ்?”
“எண்பது.”
“பிழை அவங்களோடது. காசு என்னோடதா?”
பில்லைத் துரை பேருக்கு எழுதச் சொன்னார்.
எழுதினேன். சீலும் குத்தினேன்.
அந்த எண்பது இன்னும் வரவில்லை,
அது வேறு கதை.

பொலித்தீனுக்குள் பொலித்தீனாக எல்லாம் அடங்கியது.
பொகவந்தலாவை பஸ் ஹோர்ன் அடித்தது.
குடையை எடுத்தவர், வாசலில் நின்று கேட்டார்:
“அவரு பேரு சரியாத்தானே இருக்கு?”

அடையாள அட்டையின் கொப்பியை
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
கடிதத்தில் ஒரு என்.
அட்டையில் இரண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்த்தவர்
குடையைத் திரும்பவும் சுவரில் சாத்திவிட்டு
ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.