பதினான்காம் கொண்டை ஊசி

சறுக்கியது வண்டிதான்.
நான் சும்மா உட்கார்ந்துவிட்டேன்,
தடுப்புச் சுவரில் முதுகு சாய்த்து.

மேலே பழைய சோடியம் விளக்கு.
அதற்குத் தெரிந்தது ஒரே அலைநீளம்:
ஐந்நூற்று எண்பத்தொன்பது நானோமீட்டர்.
அதையே குழைத்துக் குழைத்து
மூட்டம் முழுக்கப் பூசியிருந்தது.

மாதேஸ்வரியின் சிவப்புச் சுடிதார்
காப்பித்தூள் நிறத்தில் நின்றது.
ஏற்காட்டில் பேரம் பேசி வாங்கிய
கமலா ஆரஞ்சும் கொய்யாவும்
ரோடெல்லாம் சிதறி
ஒரே சாதியாகக் கிடந்தன.

முழங்காலில் ஈரம்.
கறுப்பாக, கொழகொழவென்று.
"செயின் ஆயிலா?"
ஆயில்தான் என்றேன்.
அந்த வெளிச்சத்தில் அது பொய்யில்லை.
சிவப்பு தானாகப் பேசாது;
அறுநூற்றைம்பது வந்து கேட்டால்தான்
வாய் திறக்கும்.
வலிகூட இன்னும்
யோசித்துக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் வளைவில் ஹாரன்.
மலையேறும் கடைசி பஸ்.
வெள்ளை முகவிளக்கு திரும்பியதும்
எல்லா நிறமும்
இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கின.

முதலில் பார்த்தது அவள்.
"ஐயோ" என்று அவள் சொன்ன பிறகுதான்
எனக்கு வலித்தது.

பஸ் வளைந்து போயிற்று.
திரும்பவும் மஞ்சள்.
கால் மறுபடி கறுத்தது,
ஆயில் என்று சொல்லிக்கொள்ளும்படி.

அவள் நம்பவில்லை.
பழுப்பாய்த் தெரிந்த துப்பட்டாவைப்
பல்லால் கடித்துக் கிழித்தாள்.