நூற்றைந்துக்கு அறுபத்தெட்டு

நூற்றைந்து மீற்றர் நீளம்
அறுபத்தெட்டு அகலம்.
இதற்குமேல் ஒரு சாணும் கேட்கவில்லை நாங்கள்
முதல் கடிதத்தில்.
பார்வையாளர் மேடை, உடைமாற்றும் அறை,
மழைக்கு ஒரு கூரை
இதெல்லாம் இரண்டாம் கடிதத்தில்
இம்மானுவேல் சேர்த்தது.
தலைவர் என்றால் ஆசைப்படத்தான் வேண்டும்.
நான் செயலாளர்.
என் வேலை முத்திரை ஒட்டுவது.

மட்டக்குளியில், கங்கை வளைகிற பக்கம்
முதல் காணி.
தயானந்தனின் ஓட்டோவில் நாலு பேர்,
என் மடியில் அளவு நாடா.
நல்ல பச்சை.
நடுவட்டம் வரவேண்டிய இடத்தில்
ஒரு கொக்கு நின்றது.
வெள்ளம் வந்து படுக்கிற இடம் இது, என்றார் லியனகே மாத்தயா,
அதற்கும் இந்த நகரத்தில் ஒரு பாய் வேண்டாமா?
மறுத்துப் பேச முடியவில்லை.
போன மே மாதம் அது
எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தது.

அடுத்தது குப்பை மேட்டின் அடிவாரம்.
தரை தருவோம்
தரைக்குப் பொறுப்பில்லை என்றார்கள்.
ஃபஸ்மின் ஏறிக் குதித்துப் பார்த்தான்.
கோல்காப்பாளன், எண்பத்தாறு கிலோ.
நிலம் திருப்பிக் குதித்தது.

மூன்றாவது காணி
ரயில்வேயுடையது என்று துறைமுகமும்
துறைமுகத்துடையது என்று ரயில்வேயும்
எழுத்தில் தந்தன.
இரண்டு கடிதத்திலும் நாங்கள்
'விளையாட்டுக் கலகம்'.
அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம்.

நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஒரு பேர்ச் என்ன விலை என்று கேட்டோம்.
தயானந்தன் இறங்காமலே ஓட்டோவைத் திருப்பினான்.
கடலுக்குள் மண் கொட்டிக் காணி செய்கிறார்களே,
அங்கே கேட்போமா, என்றான் ஃபஸ்மின்.
இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள்.
வாடகை மைதானம், ஆறு தொடக்கம் எட்டு.
எட்டு என்றால் எட்டு.
ஒருமுறை பந்து கோலுக்குப் போகிற வழியில்
நேரம் முடிந்துவிட்டது.
காவலாளி கேட்டைத் திறக்க
யாரோ ஒரு கம்பனிக்காரர்
கயிறு இழுக்கும் போட்டிக்கு
கயிற்றோடு உள்ளே வந்தார்கள்.

பதினோராம் வருடம் வந்தது அனுமதி.
சிவப்புக் கோட்டால் சுற்றிய வரைபடம்.
'வெற்றுக் காணி' என்று போட்டிருந்தது.
போய்ப் பார்த்தால்
நாற்பத்திரண்டு வீடுகள்.

அளந்தோம். அளக்காமல் எப்படித் திரும்புவது?
மூலைக்கொடி விழுந்தது பொதுக்குழாயில்.
நடுக்கோடு ஒரு கட்டிலுக்குக் கீழால் போனது,
படுத்திருந்தவர் காலை மடக்கிக்கொண்டார்.
பெனால்டிப் புள்ளி
மரியபுஷ்பம் அக்காவின் அடுப்படியில்.
ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
பாலத்துக்கு அளந்திருக்கிறார்கள்,
வீதிக்கு அளந்திருக்கிறார்கள்.
நாடா நேராகப் போகட்டும் என்று
சோற்றுப் பானையைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய மகன் நிரோஜன்
எங்கள் இடது பின்காப்பாளன்.
வீட்டுச் சுவரில் பந்தடித்துப் பழகியவன்.
வலப்பக்கம் கான் ஓடுவதால்
இடது காலால் மட்டுமே அடிக்கத் தெரிந்தவன்.
மூன்று கிண்ணம் அந்தக் காலால் வந்தது.

கூட்டத்தில் இம்மானுவேல் சொன்னார்:
அவர்களுக்கு மாடி வீடு கொடுப்பார்களாம்.
பதினாலாம் மாடி.
லிப்ட் இருக்கிறதாம்.
பிறகு அவரே நிறுத்திவிட்டார்.
நாடாவைச் சுற்றத் தொடங்கினார்,
அது பாதியில் முறுக்கிக்கொண்டது.
நிரோஜன் சப்பாத்து நாடாவைக் கழற்றுகிறான்
கட்டுகிறான்
மறுபடி கழற்றுகிறான்.
மேலே பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.
முத்திரை வாங்கிவிட்டேன்.
உறையும் இருக்கிறது.
அனுப்புநர் என்ற இடத்தில்
விளையாட்டுக் க
வரைக்கும் எழுதிவிட்டேன்.
அடுத்த எழுத்துக்கு முன்னால்
பேனா நிற்கிறது.