விளக்கு ஆறும்வரை

டர்பன், இரவு ஒன்பதரை.
சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ரத்தம்.
சீட்டில்: தேஷ்னி மூட்லி, வயது இருபத்தாறு,
கன்னத்தில் சிவப்பு, விரல் மூட்டுகளில் வலி.
அறுநூற்று நாற்பது மடங்கு கரைத்தாயிற்று,
இன்னும் உட்கரு ஒவ்வொன்றும்
பச்சையாய் எரிகிறது.

மின்சாரம் போனது.
பாதரச விளக்கு, ஆறாமல் மறுபடி ஏறாது.
அரை மணி நேரம். பிளாஸ்கில் தேநீர் கொஞ்சம்.

எலும்புக்குள்ளே இப்படித்தான் இருட்டு.
புதிதாய்ப் பிறந்த பி செல்லிடம்
உடம்பு தன்னையே நீட்டும்: தெரிகிறதா?
தெரிகிறதென்று இறுகப் பற்றினால்
கையை மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி விடும்.
மாற்ற முடியாதது அங்கேயே சாகும்.
தன்னை அறி என்றவர் யாரோ,
மஜ்ஜைக்குள் போனதில்லை அவர்.

இந்த ஊரில் ஒரு காலத்தில்
யார் வேற்றாள் என்று பிரிக்க
அலுவலகமே இருந்தது, முத்திரையோடு.
மஜ்ஜை தேடுவது வேற்றாளை அல்ல.

லேசாகத் தெரிந்தவை தப்பிவிடும்.
வாய் கட்டிப்போய் ரத்தத்தில் திரியும்,
சில நாள் ஆயுசு.
துணைக்கு ஒரு டி செல் வந்து
தோளைத் தட்டாதவரை ஒன்றுமில்லை.
எனக்குள்ளும் உண்டு.
தேஷ்னிக்குள் எது தட்டியதோ,
வெயிலோ, ஒரு காய்ச்சலோ,
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜெனரேட்டர் இருமியது.
விளக்கு ஏறியது. அதே பச்சை,
கொஞ்சம் மங்கல்.

பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்திடும்போது
நடுவிரல் மூட்டில் சுருக்கென்றது.
நாள் முழுக்க பைப்பெட் பிடித்த வலி.
அதுதான்.