கிலுகிலுப்பை

முப்பது மாத்திரை உள்ள டப்பா
நடக்கையில் பேசும்.
கிளினிக்கில் இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் சொன்னாள் நர்ஸ் மிலிசென்ட்:
தினம் ஒன்று.
முதல் ஏழு நாள் இதை நம்பிவிடாதே.
குமட்டும், பிறகு போய்விடும்.
ரத்தம் எடுக்கும் தேதிக்குத் தவறாமல் வா.
"இது நோய்க்கு இல்லை, அடோயோ. நோய் வராமலிருக்க."
இரண்டு தரம் சொன்னாள்.
இரண்டாம் தரம்
கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

கரைக்கு இறங்குவது கல்பாதை.
அடிக்கு ஒரு கிலுக்.
படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன்
தலையைத் தூக்கினான்.
நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்
ஒரே மாதிரி டப்பா, ஒரே வெள்ளை மூடி.
ஊருக்குச் சீட்டைப் படிக்க வேண்டியதில்லை,
காது போதும்.

அன்றிரவே பழைய லேசோவைக் கிழித்து
வாய்வரை அடைத்தேன்.
ஊமையானது.
பேக்கிங் பவுடர் டின்னுக்குள் குடிவைத்தேன்.

ம்ஃபங்கானோவில், எங்கள் கரையில்,
ஒரு பேசின் ஒமேனா மீனுக்கு இரண்டு விலை.
ஒன்று ஷில்லிங்.
மற்றது இருட்டிய பிறகு.
அப்படி விற்கும் படகுக்காரனுக்கு ஜபோயா என்று பேர்.
அந்த வார்த்தையை மகளிடம் நான் சொன்னதில்லை.
அவளுக்குத் தெரியும்.

உறை போடு என்றால் ஒலாங்கோ சிரிப்பான்.
சண்டை போட மாட்டான்.
மறுநாள் படகிலிருந்து குனிந்து
என் பேசினைத் தாண்டி
அடுத்தவள் பேசினில் அள்ளிப் போடுவான்,
அவ்வளவுதான்.

நிலவில்லா இரவில் ஏரி முழுக்க விளக்கு.
தெரியாதவர் பார்த்தால் நகரம் என்பார்.
விளக்குக்குப் பூச்சி வரும்,
பூச்சிக்கு மீன்,
மீனுக்குப் படகு,
படகுக்கு நாங்கள்.
முதல் விளக்கு எரிகிறபோது விழுங்குவேன்.
நீல மாத்திரை.
தொண்டையில் ஒரு கணம் நின்று
யோசித்துவிட்டுத்தான் இறங்கும்.
ஒரு நாள் மறந்தேன், மகளுக்குக் காய்ச்சல்.
மிலிசென்ட் திட்டவில்லை. குறித்துக்கொண்டாள்.

சர்க்கரை தேடியவன் டின்னைத் திறந்தான்.
துணியை உருவினான்.
காதோரம் வைத்து ஆட்டினான்,
முட்டை கூழா என்று பார்ப்பவனைப் போல.

"உனக்கு இருக்கிறதா?"
"இல்லை. வரக்கூடாதென்று."
"யாரிடமிருந்து?"

விளக்குத் திரியைத் தாழ்த்தினேன்.
அதைத்தவிர செய்ய ஒன்றும் தோன்றவில்லை.
அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
தேநீர் குடிக்காமல் போனான்.

மூன்று வாரம்
என் பேசினில் ஒலாங்கோவின் மீன் விழவில்லை.
மண்டாசி சுட்டு விற்றேன்.
எண்ணெய்க் காசுக்கே கட்டவில்லை.
மாத்திரையை நிறுத்தவுமில்லை.
எதற்கு என்று மகள் கேட்கவில்லை,
ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுபடி ரத்தம் எடுக்கும் நாள்.
பின்பெஞ்சில்
தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு ஒருவன்.
முகம் தேவையில்லை எனக்கு:
வலதுகால் பெருவிரலில்
தூண்டில் கிழித்த வடு.
நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.
ஏரியில் எதிரெதிரே போகும் படகுகள்கூட
ஒருதரம் விளக்கைத் தூக்கிக் காட்டும்.

எனக்கு ஒற்றைக் கோடு.
இம்முறை மூன்று டப்பா தந்தாள்.

அவன் எனக்கு முன்பே வெளியேறியிருந்தான்.
கல்பாதையில் நூறடி முன்னால்
அவன் சட்டைப்பையிலிருந்து
கிலுக், கிலுக்.
இருப்பதற்கா, வராமலிருக்கவா?
சத்தத்தில் தெரியாது.

என் பையில் துணி இருந்தது,
அடைப்பதற்கென்றே கிழித்துக் கொண்டுவந்த துணி.
எடுக்கவில்லை.
கையில் குடை இருந்தது என்று
வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.