மூன்றையும் அறுத்துப் பார்த்தேன்

வெள்ளிக்கிழமை, ஒன்றரை மணி.
பள்ளிவாசல் வேலியோரம் மோட்டார்சைக்கிள்கள் சாய்ந்து நிற்க
ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெரு
இந்த ஒரு மணி நேரம்தான் வாயை மூடும்.
கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டேன்.

மேசைமேல் பழைய சீனப் பத்திரிகை,
அதன்மேல் மூன்று எண்ணெய் பில்ட்டர்.
மூன்றும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளில் ஓடிக் கழன்றவை.
மூன்றும் நான் விற்றவை.

இரும்பு வாளைத்தான் கேட்டேன்.
"வாள் வேண்டாம் அக்கா, தூள் விழும்.
எது எஞ்சின் தூள், எது வாள் தூள் என்று அப்புறம் யார் சொல்வது?"
சக்கரக் கத்தியைக் கொடுத்துவிட்டு
ரொஸ்லி தொழுகைக்குப் போனான்.

முதலாவது, முப்பத்திரண்டு வெள்ளி.
கழுத்தைச் சுற்றி வெட்டினேன். உள்ளே எண்ணெய் நின்றது.
மடிப்புகளைக் கூட்டுப்பணம் எண்ணுவதுபோல் எண்ணினேன்:
அறுபத்தெட்டு.
மடிப்புக்கு மடிப்பு கரி.
காந்தத்தைக் காட்டியதும் அதற்கு மீசை முளைத்தது.

இரண்டாவது பத்தொன்பது வெள்ளி, தாய்லாந்துச் சரக்கு.
ஐம்பத்தொன்று மடிப்பு. மூடி தகரமில்லை, அட்டை.
அட்டை என்பதால் கேவலமில்லை, பசை ஒழுங்காகப் பிடித்திருந்தது.
லோரிக்கும் தவணை, வீட்டுக்கும் தவணை என்று வருகிறவருக்கு
இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.
இனியும் கொடுப்பேன்.

மூன்றாவது.
முதலாவதின் அதே பெட்டி, அதே மினுங்கும் ஒட்டுத்தாள்.
"அதே கம்பெனிதான், பின்வாசல் சரக்கு" என்றான்
கிள்ளானிலிருந்து வேனில் வரும் விஜயேந்திரன்.
ஒன்பது வெள்ளிக்கு வாங்கி இருபத்தெட்டுக்கு விற்றேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நாலே மடிப்பு,
இரவு பஸ்ஸில் தூங்குகிறவர்கள்போல் ஒருபக்கமாய்ச் சரிந்து.
சுருள்வில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரத் துண்டு.
காகிதம்
சுத்தமாக இருந்தது.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
எண்ணெய் ஊறியிருந்தது, அவ்வளவுதான்.
காந்தத்தில் ஒரு மயிர்கூட ஒட்டவில்லை.

வெட்கமில்லாமல் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.
சிவநேசனின் எஞ்சினில் தேய்மானமே இல்லைபோல,
என் சரக்கின்மேல் பழியில்லைபோல.

பிறகுதான் உறைத்தது.
எண்ணெய் காகிதத்துக்குள் போகவே இல்லை.
பசை விட்ட விளிம்பைச் சுற்றி ஓடி
அள்ளிய அத்தனை இரும்பையும்
அதே எஞ்சினுக்குத் திரும்பத் திரும்ப ஊட்டியிருக்கிறது.
எதையும் தடுக்காதது எப்படி அழுக்காகும்?

அடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கிள்ளினேன்.
கருவாட்டு வால்போல் ஒடிந்தது.
ஏழு வருடம் கித்தா பால் எடுத்த விரல் இது.
பெட்டி வந்த அன்றே கிள்ளியிருந்தால்
அன்றே சொல்லியிருக்கும்.

மார்ச்சில் இதே மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்:
"காலையில் ஸ்டார்ட் பண்ணினால்
மூணு வினாடி டக் டக் என்குது, தவமணி."
"குளிராக இருக்கும்" என்றேன்.
ஊத்தான் மெலிந்தாங்கில்,
குளிர்.

பெர்ணம் ஆற்றுப் பாலம் தாண்டி
எட்டு டன் குலையோடு லோரி நின்றுபோனது.
பழம் இரண்டு நாள் வெயிலில் கிடந்து
ஆலைக்காரன் எடையில் பாதியைக் கழித்தான்.
எஞ்சினுக்குப் பதினோராயிரம் என்கிறான் ரொஸ்லி.
"என் நேரம்" என்கிறார் சிவநேசன்.
நேற்று வந்தார், மச்சானின் லோரியை இரவல் ஓட்டுகிறாராம்.
"போன தடவை கொடுத்தீங்களே,
அந்த நல்ல சரக்கையே எடுத்து வையுங்க."

அலமாரியில் இன்னும் பதினேழு பெட்டி.

தொழுகை முடிந்து மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாய் உறுமுகின்றன.
கதவை முழுக்கத் தூக்கினேன்.
முதல் இரண்டையும் சீனப் பத்திரிகையில் சுருட்டிப் போட்டேன்.
மூன்றாவதை அப்படியே,
வயிறு திறந்தபடி, கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தேன்.

மூன்று மணிக்கு வருவார்.
எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
விலையிலிருந்து தொடங்கலாம்.