ஒன்பது சென்டிமீட்டர்

லிமாவின் வடக்கே, கோமாஸ் மேட்டில்
கம்பிக்கதவு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
பயத்துக்கு அளவெடுப்பவன் நான்.
டேப்பை நீட்டுவதற்கு முன்பே
ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள்.
மருந்துக்கடைக்காரருக்கு மோட்டார் சைக்கிளில் வந்த இருவர்.
தையல்கடை அபிகாயிலுக்குக்
கதவடியில் செருகிய ஒரு தாள்,
தாளில் மடித்த இரண்டு தோட்டா.
கேட்டுக்கொண்டே கம்பி அறுப்பேன்.
கதை நீண்டால் கம்பி தடிக்கும்.
விலையும்தான்; பொய் சொல்லி என்ன.

எர்மெலிந்தாவின் மளிகைக்கடைக்கு
முதலில் வைத்தது பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி.
பால் டின் போகும், ரொட்டிப் பொட்டலம் போகும்,
முட்டை வாங்கிய கை உடையாமல் திரும்பும்.
அடுத்த வருடம் பன்னிரண்டு.
கல்லாவரை நீண்ட ஒரு கைக்குப் பிறகு
ஒன்பது.
என் கையையே விட்டுப் பார்த்தேன்.
முழங்கைக்கு முன்னால் நின்றது.
"இது போதும்" என்றாள் உள்ளிருந்து.
அன்றிலிருந்து அவள் முகத்தை
கோடு போட்ட தாளில் வரைந்ததுபோலத்தான் பார்த்திருக்கிறேன்.

தெருவில் வேறு ஏற்பாடுகளும் உண்டு.
ஆளுக்கொரு விசில்.
விளக்குக் கம்பத்தில் தொங்கும் பொம்மை,
கழுத்தில் அட்டை: திருடனுக்கு இதே கதி.
அதன் கால்சட்டை என்னுடையது.
மழை என்று சொல்ல முடியாத எங்கள் தூறலில்
நனைந்து நனைந்து
கடைசியில் அது திருடனைவிட
என்னைப் போலவே இருந்தது.

பிறகு அந்த ஆகஸ்ட் இரவு, இரண்டே கால் மணி.
நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
நாய்கள் முதலில், விசில்கள் பிறகு.
எல்லோரும் தெருவில், செருப்பில்லாமல்.
எர்மெலிந்தா மட்டும் உள்ளே.
மின்சாரம் போன இருட்டில்
சாவி எங்கோ விழுந்துவிட்டது.
மாடியில் செங்கல் உதிரும் சத்தம்.
ஒன்பது சென்டிமீட்டர் வழியே
அவள் கை வெளியே வந்தது.
முழங்கைக்கு முன்னால் நின்றது.

அதை முதலில் பிடித்தவன் எதிர்வீட்டு வில்டர்.
கல்லாவரை நீண்டது அவன் கைதான் என்று
இரண்டு வருடமாகத் தெரு பேசிய வில்டர்.
அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.
நான் அறுக்கும் மிஷினைத் தேடி ஓடினேன்,
மின்சாரம் இல்லாததை மறந்து.
கடைசியில் கைரம்பம்.
என் வெல்டிங் நல்ல வெல்டிங்;
அதற்காக என்னையே நான் சபித்தது
அன்று மட்டும்தான்.
நாற்பது நிமிடம்.
அதுவரை அவன் அவள் கையை விடவில்லை.

விடிந்ததும் கம்பியைத் திருப்பி வைக்கச் சொன்னாள்.
ஆமாம், திருப்பித்தான். அதே ஒன்பது.
தோட்டா வரும் தெருவில்
யார் கதவைத் திறந்துபோடுவார்?
சாவி மட்டும் இரண்டு.
ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள்.
வில்டரின் அம்மா மூன்று முறை மறுத்தாள்.
நான்காவது முறை
தன் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

திருட்டு நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள்.
போன மாதம் ஒரு கேஸ் சிலிண்டர் போனது.
போவதை மூன்று ஜன்னல்கள் பார்த்தன;
இரண்டாம் வளைவுக்குள் திரும்பி வந்தது.
அடுத்தவர் சாவி பையில் கிடந்தால்
கண் தானாக அவர் கதவுக்குப் போகிறது.
பொம்மையை இறக்கிவிட்டார்கள்.
கால்சட்டை இனி உதவாது.

என் வீட்டுச் சாவி யாரிடம் என்கிறீர்களா?
அதை இங்கே எழுத மாட்டேன்.