பிஸ்கட்

உவரியில் எங்கள் வீட்டு ஆன்டெனா
சென்னைக்கு முதுகைக் காட்டி
இலங்கையைப் பார்த்து நிற்கும்.

செலஸ்டின் மாடியில் கம்பியைத் திருப்புவான்.
"தெரியுதாலே?"
"புள்ளியா இருக்கு."
"இப்ப?"
"போச்சு. முன்ன இருந்தது போலயே வையி."

படத்துக்கு நடுவே சிங்கள விளம்பரம்.
புள்ளிமழைக்குள் ஒரு பையன்
வட்டமாய் எதையோ கடிப்பான்.
பிஸ்கட்தான், வேறென்ன.
அர்த்தம் தெரியாமல், ராகம் பிசகாமல்
பாடிக்கொண்டே டியூஷன் போனோம்.

போன வாரம் தோகா மெஸ்ஸில்
தட்டுக் கழுவும்போது வாயில் வந்துவிட்டது.
மாத்தறைக்காரன் நிஹால்
சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான்.
பூச்சி மாத்திரையாம்.

இருபத்தெட்டு வருஷமாக
அந்த பிஸ்கட்டுக்கு ஏங்கியிருக்கிறேன்.

உடனே செலஸ்டினைக் கூப்பிட்டேன்.
"என்னலே, விட்டுவிட்டுக் கேக்கு.
இரு,
மாடிக்கு ஏறுதேன்."